ஆலைக் கணக்குக்கு ஒரு பார்சர்: ரஸ்ட்டில் கையால் எழுதுவதா, கருவியிடம் விடுவதா?

சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெழுதுகிறவர் திரையில் பெட்டி பெட்டியாக நிரப்பிக்கொண்டிருக்க மாட்டார். அறுவடை நேரத்தில் வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும். கொப்பியில் எழுதுகிற மாதிரியேதான் தட்டுவார்:

வரவு கீரிச்சம்பா 40 மூட்டை 2660 கிலோ ஈரம் 18 விலை 132/=
செலவு ஏற்றுக்கூலி 40 * 50/=
கழிவு 2660 - 2660 * (100 - 18) / (100 - 14)

மூன்றாவது வரி ஈரக் கழிவு. 18 வீத ஈரத்தோடு வந்த 2660 கிலோ நெல், 14 வீதத்துக்குக் காய்ந்தால் 2536.28 கிலோவாகும். கழிவு 123.72 கிலோ.

இந்த வரிகளை வாசிக்க ரஸ்ட் நிரல் மொழியில் நான்கு வழிகள் உண்டு. வரிகளை இலக்கணப்படி பிரித்து வாசிக்கும் பகுதியான பார்சரை முழுக்கக் கையால் எழுதலாம். நொம் அல்லது வின்னோ போன்ற கொம்பினேட்டர் லைப்ரரியில் சின்னச் சின்ன ஃபங்ஷன்களைக் கோத்துக் கட்டலாம். பெஸ்ட்டில் இலக்கணத்தைத் தனிக் கோப்பாக எழுதிக் கொடுக்கலாம். யாக் என்ற பழைய பார்சர் உண்டாக்கியின் பரம்பரையில் வந்த லாலர்பாப்பிடம் இலக்கணத்தைக் கொடுத்துப் பார்சரை உண்டாக்கச் சொல்லலாம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்த அளவு மொழிக்குக் கையால் எழுதுவதுதான் நல்லது. இங்கே வேலையின் பெரும்பகுதி இலக்கணத்தில் இல்லை. தமிழ் எழுத்திலும் பிழைச்செய்தியிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் கருவிகள் பாதி தூரம்தான் கூட வரும்.

அதற்கு முன் ஒரு விலக்கு. தரவு எக்செலில் இருந்து சிஎஸ்வி ஆகவோ போன் செயலியில் இருந்து ஜேசன் ஆகவோ வருகிறதென்றால் பார்சரே எழுத வேண்டாம். அவற்றுக்கு ரஸ்ட்டில் நன்றாகப் புழங்கிய லைப்ரரிகள் இருக்கின்றன. "காற்புள்ளியில் வெட்டினால் சரிதானே" என்று தொடங்குபவர்கள், மேற்கோள் குறிக்குள் காற்புள்ளி உள்ள முதல் பெயரிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

எழுத்து

எந்த வழியை எடுத்தாலும் முதலில் இடறுவது இங்கேதான். ரஸ்ட்டின் சரம், அதாவது எழுத்துத் தொடர், யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படும். அதில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட். முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. "கீரிச்சம்பா" என்பது கண்ணுக்கு 6 எழுத்து, யூனிக்கோடுக்கு 11 குறியீட்டுப் புள்ளி, நினைவகத்தில் 33 பைட். ஆகவே "12ஆம் இடத்தில் பிழை" என்று பார்சர் சொன்னால் எந்த 12 என்று கேட்க வேண்டிவரும். பார்சருக்குள் பைட் இடத்தையே வைத்திருங்கள், வேகமும் எளிமையும் அதில்தான். மனிதருக்குக் காட்டும்போது மட்டும் அந்த வரியைத் தொடக்கத்தில் இருந்து எழுத்து எழுத்தாக எண்ணி மாற்றுங்கள். ரஸ்ட்டின் அடிப்படை லைப்ரரி அப்படி எண்ணாது, யூனிக்கோட்-செக்மென்டேஷன் என்ற சின்ன லைப்ரரி எண்ணும். ஒரு பைட் இடத்தில் சரத்தை வெட்டும்போது அந்த இடம் 3 பைட்டின் நடுவில் விழுந்தால் ரஸ்ட் பிழையான எழுத்தைத் தராது, நிரலையே பேனிக் ஆக்கி நிறுத்திவிடும்.

அடுத்தது மெய்யெழுத்தின் புள்ளி. ரஸ்ட்டில் ஒரு குறியைப் பார்த்து "இது எழுத்தா?" என்று கேட்கும் வழக்கமான ஃபங்ஷன் க, ம, ட எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லும். அரவு, கொம்பு, விசிறிக்கும் ஆம்தான். மெய்யின் புள்ளிக்கு, அதாவது 3021ஆம் குறிக்கு, இல்லை என்று சொல்லும். யூனிக்கோட் பட்டியலில் புள்ளி அகரவரிசைக் குறியாகச் சேர்க்கப்படவில்லை என்பதுதான் காரணம். இந்தப் பிழை உடனே தெரியாது. "வரவு", "செலவு", "கிலோ", "விலை", "கழிவு" எதிலும் புள்ளி இல்லை, ஆகவே முதல் சோதனைகள் எல்லாம் தேறிவிடும். "ஈரம்" போன்ற சொல் வரும்போதுதான், எழுத்துகளைச் சொற்களாக வெட்டும் லெக்சர் "ஈரம" என்று வாசித்துவிட்டுப் புள்ளியைத் தெரியாத குறி என்று தள்ளும். மருந்து: சொல்லின் தொடர்ச்சியா என்று பார்க்க, யூனிக்கோடில் அடையாளப் பெயர்களுக்கென்று இருக்கும் "தொடர்ச்சி" வகுப்பைப் பயன்படுத்துங்கள். அதில் புள்ளி உண்டு. ரஸ்ட் கொம்பைலரும் மாறிப் பெயர்களுக்கு அதைத்தான் பார்க்கிறது. 2021இல் வந்த 1.53ஆம் பதிப்பில் இருந்து ஃபங்ஷனுக்கு "பெருக்கம்" என்று தமிழிலேயே பெயர் வைக்க முடிவதும் அதனால்தான்.

கருவிகளிலும் இதே பள்ளம் வேறு வேறு வடிவில் இருக்கிறது. நொம்மில் எழுத்துகளை வாசிக்க ஆயத்தமாக இருக்கும் ஃபங்ஷன் ஆங்கில எழுத்துகளை மட்டுமே எடுக்கும், தமிழை ஒரு எழுத்துக்கூட எடுக்காது. லாலர்பாப்பிலும் லோகோஸ் லெக்சரிலும் ரெஜெக்ஸ் என்ற எழுத்து வடிவச் சூத்திரம் எழுத வேண்டும். அங்கே "எழுத்து" வகுப்பை மட்டும் போட்டால் புள்ளியோடு விசிறியும் கொம்பும் சேர்ந்து வெளியே நிற்கும். "சொல் எழுத்து" வகுப்பைப் போட்டால் எல்லாம் உள்ளே வரும், கூடவே கண்ணுக்குத் தெரியாத 8204, 8205 என்ற இணைப்புக் குறிகளும் வந்துவிடும். வட்ஸ்அப்பில் இருந்து ஒட்டிய "கிலோ"வின் நடுவில் அப்படி ஒன்று இருந்தால் சொல் பார்வைக்குச் சரி, பார்சருக்குப் பிழை. கோப்பின் தலையில் சில விண்டோஸ் செயலிகள் வைக்கும் 65279ஆம் குறியும் அப்படித்தான். இவற்றில் எதையும் ரஸ்ட் வெற்றிடமாகக் கருதாது, ஓரங்களை வெட்டும் ஃபங்ஷனும் தொடாது. 160ஆம் குறியான ஒட்டு வெற்றிடத்தை மட்டும் யூனிக்கோட் சோதனை வெற்றிடம் என்று ஏற்கும், ஆங்கிலக் குறிகளை மட்டும் அறிந்த ஆஸ்கி சோதனை ஏற்காது.

"கிலோ" இன்னொரு வகையிலும் ஏமாற்றும். "லோ"வின் உயிர்க்குறி ஒரே குறியாக, 3019 என்று வரலாம். 3015, 3006 என்று இரட்டைக்கொம்பும் அரவுமாகப் பிரிந்தும் வரலாம். முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு சொல். லெக்சர் தொடங்கும் முன்பே முழுக் கோப்பையும் யூனிக்கோடின் சேர்த்தெழுதும் ஒழுங்குக்கு மாற்றிவிடுங்கள். அதற்கும் லைப்ரரி உண்டு. மாற்றிய பிரதியையே வைத்துப் பிழை காட்டுங்கள், பழைய பிரதியின் பைட் இடங்களோடு கலக்காதீர்கள்.

ஆலையில் பழைய கணக்குகள் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் அது தனி வேலை. பாமினிக் கோப்பு பார்சருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். அதில் கொம்பு மெய்க்கு முன்னால் வரும், யூனிக்கோடில் பின்னால். ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் "நெல்" குலைந்துவிடும். மாற்றியை முதல் படியாகத் தனியே ஓட்டுங்கள், பார்சருக்குள் கொண்டுவர வேண்டாம்.

ரூபாக் குறி

"132/=" என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. லெக்சருக்கு விளக்க வேண்டும், ஏனென்றால் அதே சாய்கோடு வகுத்தலும் ஆகிறது. சாய்கோட்டை அடுத்து சமக்குறி ஒட்டி வந்தால் ரூபாக் குறி, இல்லாவிட்டால் வகுத்தல். இதுவரை எந்தக் கருவியும் சமாளிக்கும். சிலர் "50/-" என்றும் எழுதுவார்கள். அப்போது "50/-3" என்பது 50 ரூபாவும் ஒரு 3உம் இல்லை, 50ஐ −3ஆல் வகுப்பது. சரியான விதி: "/-" என்பதற்குப் பின் இலக்கமோ அடைப்போ வந்தால் வகுத்தல், வெற்றிடமோ வரி முடிவோ வந்தால் ரூபா.

அந்த "அடுத்து என்ன வருகிறது என்று எட்டிப்பார்த்தல்" ரஸ்ட்டின் ரெஜெக்ஸில் இல்லை. அதை நம்பி நிற்கும் லாலர்பாப்பின் உள்ளக லெக்சர் நீளமான பொருத்தத்தையே எடுக்கும், "/-" என்று எங்கே கண்டாலும் ரூபா என்றுதான் சொல்லும். பெஸ்ட்டில் எட்டிப்பார்க்கலாம். கையால் எழுதினால் இது மூன்று வரி.

பணத்தைத் தசம எண்ணாக வைக்காமல் சதமாக, 64 பிட் முழு எண்ணாக வையுங்கள். பெருக்கும்போது சரிபார்க்கும் பெருக்கலைப் பயன்படுத்துங்கள். எண் நிரம்பி வழிந்தால் ரஸ்ட் சோதனைக் கட்டுமானத்தில் பேனிக் ஆகும், வெளியீட்டுக் கட்டுமானத்தில் சத்தமில்லாமல் சுற்றிவிட்டுத் தவறான தொகையைத் தரும். எண்ணுக்குள் காற்புள்ளி "125,000" என்றும் "1,25,000" என்றும் இரண்டு விதமாக வரும். இரண்டையும் ஏற்றுக்கொள்வதே மேல். ஆனால் காற்புள்ளியை வேறு எதற்கும், பட்டியல் பிரிக்கக்கூட, மொழியில் வைக்காதீர்கள்.

கருவிகள் ஒவ்வொன்றாக

பெஸ்ட் எழுதத் தொடங்க இலகு. பெயர் தமிழில் எழுதினால் பெருமையாகத் தெரியும், உண்மையில் அது பயிர்ப் பூச்சிக்கான ஆங்கிலச் சொல். அது பெக் வகை, தெரிவுகளை எழுதிய வரிசையிலேயே முயலும், முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். "மூட்டை" என்பதை "மூட்டைகள்" என்பதற்கு முன்னால் எழுதினால் "மூட்டைகள்" ஒருபோதும் பொருந்தாது, "கள்" தொங்கிக்கொண்டு நிற்கும். "ரூ", "ரூபா"வுக்கும் இதே கதை. நீளமானதை முதலில் எழுதுங்கள், சொல்லுக்குப் பின் சொல்-தொடர்ச்சி வரக்கூடாது என்று எதிர்மறையாக எட்டிப்பார்க்கவும் வையுங்கள். பெஸ்ட்டின் பெரிய குறை வேறு. வாசித்த வரியின் அமைப்பாக அது தரும் மரம் வகையில்லாதது. "முதல் பிள்ளை எண், இரண்டாவது அலகு" என்று நீங்கள் நம்பித்தான் எடுக்க வேண்டும். இலக்கணத்தை மாற்றிவிட்டு எடுக்கும் இடத்தை மாற்ற மறந்தால் கொம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஓடும்போதுதான் விழும். அப்படியான பிழைகளைக் கொம்பைலரே பிடிக்க வேண்டும் என்றுதானே ரஸ்ட்டுக்கு வந்தோம்.

நொம்மும் அதில் இருந்து கிளைத்த வின்னோவும் வேறு சாதி. வின்னோ என்றால் நெல் தூற்றுவது, அம்பாறைக்காரருக்குப் பொருத்தமான பெயர்தான். எடைத் தராசில் இருந்து வரும் பைட்டுகள், ஜிபிஎஸ் வரிகள், பதிவுக் கோப்புகள் என்று உருவம் மாறாத உள்ளீட்டுக்கு இவற்றைப் போல் சுருக்கமாக எழுத வேறு வழியில்லை. மனிதர் தட்டும் உரைக்கு வரும்போது இரண்டு இடத்தில் இடறும். நொம்மில் ஒரே ஃபங்ஷன் "முழுக்க வந்துவிட்டது", "இன்னும் வரலாம்" என்று இரண்டு வடிவில் உண்டு. இரண்டாவதைத் தெரியாமல் எடுத்தவர்களின் பார்சர் கோப்பின் கடைசி வரியில் மட்டும் "போதவில்லை" என்று சொல்லும். மற்றது பிழைச்செய்தி. பல தெரிவுகளை வைத்து எல்லாம் தோற்றால், பெரும்பாலும் கடைசித் தெரிவின் குறை மட்டுமே கையில் வரும். "வரவு" என்று வாசித்தபின் திரும்பிப் போகக்கூடாது என்று இடையிடையே வெட்டு வைக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் செய்தி சம்பந்தமில்லாத இடத்தைக் காட்டும். 2025 ஜனவரியில் வந்த நொம் 8 அழைக்கும் முறையை மாற்றியது, ஆகவே பழைய பாடங்களில் உள்ள நிரல் அப்படியே ஓடாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

லாலர்பாப்பை மதிக்கிறோம். "இந்த இலக்கணத்தில் ஒரு வரியை இரண்டு விதமாக வாசிக்கலாம்" என்று கட்டும்போதே சொல்லிவிடுகிற ஒரே கருவி இந்த நான்கில் இதுதான். பெஸ்ட்டோ கையால் எழுதியதோ அப்படிச் சொல்லாது, ஒரு வாசிப்பைப் பேசாமல் எடுத்துக்கொள்ளும். இலக்கணம் இன்னும் முடிவாகவில்லை, பலர் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள், அல்லது வேறொருவர் எழுதிவைத்த விவரக்குறிப்பை அப்படியே பின்பற்ற வேண்டும் என்றால் லாலர்பாப்பையே எடுங்கள். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழக இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இலக்கணத்தை முறையாக எழுதிக் காட்ட வேண்டுமென்றாலும் அதுதான். இரண்டு வாசிப்புகள் மோதும் இடத்தைச் சொல்லும் அதன் மோதல் அறிக்கையை வாசிக்கப் பழக இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். உள்ளீட்டில் பிழை வந்தால், எதிர்பார்த்த டோக்கன்களின் (லெக்சர் வெட்டித் தரும் சொல், எண், குறிகளின்) பட்டியலைத் தரும். ஒரு கணக்குக் கோவையின் நடுவில் அந்தப் பட்டியலில் எட்டுப் பத்துப் பெயர் இருக்கும். கணக்குப்பிள்ளைக்கு அதைக் காட்டிப் பயனில்லை.

கையால் எழுதினால்

லெக்சர் சுமார் 150 வரி, பார்சர் சுமார் 300 வரி. இதற்கு மேல் போனால் எங்கோ சுற்றிப் போகிறீர்கள்.

டோக்கன் ஒவ்வொன்றும் வகை, தொடக்க பைட், முடிவு பைட் என்ற மூன்றை வைத்திருக்கட்டும், சரத்தைப் பிரதி எடுக்க வேண்டாம். வரி முடிவும் கோப்பு முடிவும் டோக்கன்களே. கோப்பு முடிவைத் தனியாக "ஒன்றுமில்லை" என்று வைத்தால் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் ஒரு சோதனை கூடும். ஒவ்வொரு இலக்கண விதிக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள்: வரி, வரவு, செலவு, கோவை. முதற்சொல்லைப் பார்த்தாலே எந்த வரி என்று தெரிந்துவிடும், பின்னால் திரும்பிப் போகத் தேவையே வராது.

கோவையில்தான் பாடப்புத்தக முறை காலை வாரும். "கோவை என்பது பெருக்கம், பின் கழித்தல், பின் கோவை" என்று எழுதி அதன்படி தன்னைத்தானே கூப்பிட்டால் 100 - 18 - 2 என்பது 100 - (18 - 2) ஆகி 84 வரும், சரியான விடை 80. "கோவை என்பது கோவை, பின் கழித்தல், பின் பெருக்கம்" என்று திருப்பி எழுதினால் ஃபங்ஷன் ஒரு டோக்கனைக்கூட வாசிக்காமல் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு, கூப்பிடுதல்களை அடுக்கிவைக்கும் நினைவகமான ஸ்டாக்கை நிரப்பும். வான் பிராட் 1973இல் வெளியிட்ட முறைதான் இதற்கு மிகச் சுருக்கமான வழி. ஒவ்வொரு குறிக்கும் இடப்பலம், வலப்பலம் என்று இரண்டு எண் கொடுங்கள்: கூட்டல் கழித்தலுக்கு 1, 2. பெருக்கல் வகுத்தலுக்கு 3, 4. முன்னால் வரும் கழித்தல் குறிக்கு வலப்பலம் மட்டும் 5. கோவை ஃபங்ஷன் ஒரு குறைந்தபட்சப் பலத்தை வாங்கிக்கொண்டு தொடங்கும். அடுத்த குறியின் இடப்பலம் அதற்குக் கீழே இருந்தால் லூப் நிற்கும், இல்லாவிட்டால் குறியை எடுத்து, வலப்பலத்தோடு தன்னைத்தானே கூப்பிடும். வலப்பலம் ஒன்று கூட இருப்பதால்தான் 100 - 18 - 2 இடமிருந்து வலமாகச் சேர்கிறது. எல்லாம் சேர்ந்து 40 வரிக்குள் முடியும்.

பிழையில் இருந்து மீள்வது இந்த மொழியில் மிக எளிது, வரிக்கு வரி தனித்தனி என்பதால். பிழை கண்டால் பதிவுசெய்துவிட்டு வரி முடிவு வரை டோக்கன்களைத் தள்ளிவிட்டு அடுத்த வரியில் தொடங்குங்கள். ஒரு நாள் கணக்கில் மூன்று பிழை இருந்தால் மூன்றையும் ஒரே தடவையில் காட்டலாம். செய்தியும் நம் கையில்: "3ஆம் வரி, 18ஆம் எழுத்து: ‘கிலோ’வுக்கு முன் எண் வேண்டும், ‘ஈரம்’ இருக்கிறது." அலகை விட்டுவிட்டு "40 2660 கிலோ" என்று தட்டியிருந்தால் "40க்குப் பின் ‘மூட்டை’ விடுபட்டதா?" என்று கேட்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே கையால் எழுதலாம்.

பெரிய கொம்பைலர்களும் இந்தப் பக்கம் வந்தவைதான். ஜிசிசி தன் சி++ பார்சரை பைசன் என்ற பார்சர் உண்டாக்கியில் இருந்து 2004இல் 3.4ஆம் பதிப்போடு கைக்கு மாற்றியது, சி பார்சரை 2006இல். கோ மொழி 2016இல் 1.6ஆம் பதிப்பில் யாக்கை விட்டது. ரஸ்ட்டின் சொந்தப் பார்சரும் கையெழுத்துத்தான். எதிர்ச் சாட்சியும் உண்டு: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்றும் பைசனில் நிற்கிறது, பைதான் 2020இல் 3.9ஆம் பதிப்பில் ஒரு உண்டாக்கியை விட்டு இன்னொன்றுக்குத்தான் போனது. இலக்கணமே ஆவணமாக இருக்க வேண்டிய இடம் அது.

கையால் எழுதுவதன் அபாயங்களில் முதலாவது முடிவில்லா லூப். மீளும்போது ஒரு டோக்கனையாவது விழுங்காத பாதை ஒன்று எப்போதும் எங்கேயோ ஒளிந்திருக்கும். "எட்டிப்பார்" ஃபங்ஷனில் ஒரு எண்ணியை வைத்து, முன்னேறாமல் 256 தடவை பார்த்தால் பேனிக் ஆக்குங்கள். சோதனையிலேயே பிடிபடும். இரண்டாவது ஆழம். யாரோ விசைப்பலகையில் கை வைத்து ஆயிரக்கணக்கில் அடைப்பைத் திறந்தால் ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிட்டு ஸ்டாக் நிரம்பும். ரஸ்ட்டில் புதிதாகத் தொடங்கும் திரெட்டுக்கு வழக்கமான ஸ்டாக் 2 எம்பி. அது நிரம்பினால் பேனிக்கூட இல்லை, நிரல் நேரே செத்துவிடும், பிடிக்க வழியில்லை. ஆழத்தை எண்ணி 128இல் நிறுத்துங்கள். ரஸ்ட்டின் பிரபலமான ஜேசன் லைப்ரரியும் அந்த எல்லையைத்தான் வைத்திருக்கிறது. லாலர்பாப் தன் ஸ்டாக்கைப் பெரிய பொது நினைவகமான ஹீப்பில் வைப்பதால் வாசிக்கும்போது தப்பிவிடும். ஆனால் அது கட்டிய ஆழமான மரத்தை விடுவிக்கும்போது அதே கதி வரலாம், ஆகவே எல்லை அங்கேயும் வேண்டும்.

இன்னொரு விஷயம் இணைப்பும் இயந்திரமும். கையால் எழுதினால் யூனிக்கோட் லைப்ரரிகள் இரண்டு மூன்றோடு முடிந்துவிடும். 4 ஜிபி நினைவகம் உள்ள லப்டொப்பில் லாலர்பாப்பையே கட்டி முடிக்க நேரம் போகும், இலக்கணத்தைத் தொடும்போதெல்லாம் உண்டான கோப்பும் மறுபடி கட்டப்படும். போன் டேட்டாவில் வேலை செய்பவர்கள் எந்த வழியானாலும் கார்கோவின் வெண்டர் கட்டளையால் எல்லா லைப்ரரியையும் ஒருமுறை இறக்கி வைத்துவிடுவது நல்லது. அதோடு, எழுதினவர் கட்டாருக்கோ கொழும்புக்கோ போய்விட்டால் அடுத்து வருகிறவர் வாசிக்க வேண்டும். சாதாரண ஃபங்ஷன்களை ரஸ்ட் தெரிந்த எவரும் வாசிப்பார், மோதல் அறிக்கையை எல்லாரும் வாசிக்க மாட்டார்கள்.

பின்னால் மனம் மாறினால் எவ்வளவு செலவு என்பதும் தெரிவில் ஒரு பங்கு. மரத்தின் வகைகளைத் தனிக் கோப்பில், பார்சர் பற்றி ஒன்றும் தெரியாத எனம்களாக (தெரிவுகளை அடுக்கும் ரஸ்ட் வகைகளாக) வைத்திருந்தால் கையில் இருந்து லாலர்பாப்புக்கு மாறுவது ஒரு வார வேலை. அது வெளியில் இருந்து டோக்கன்களை வாங்கிக்கொள்ளும், ஆகவே புள்ளியும் ரூபாக் குறியும் பார்த்துப் பார்த்து எழுதிய லெக்சர் அப்படியே இருக்கும். பெஸ்ட்டில் தொடங்கியவர்களுக்கு அந்த வசதி குறைவு: லெக்சரும் இலக்கணமும் ஒரே கோப்பில் பின்னியிருக்கும், அதன் சோடி வகை கணக்குப் போடும் பகுதி வரை கசிந்திருந்தால் அங்கேயும் கை வைக்க வேண்டும்.